சூடானால் நிற்கும் அம்பாசிடர்

கேள்வி: அப்பா ஓட்டிய 1984 மாடல் பெட்ரோல் அம்பாசிடர் என்னிடம் இருக்கிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. மதிய வெயிலில் திடீரென்று நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தாலும் கிளம்பாது. அரைமணி நேரம் கழித்துக் கிளம்புகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆறினால் கிளம்புகிறது என்பதே நல்ல துப்பு. சூட்டில் ஸ்பார்க் செத்துப்போகிறது, அல்லது பெட்ரோல் வந்து சேரவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே பார்த்தால்தான் இது பிடிபடும். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆறிவிடும்.

முதலில் ஸ்பார்க். ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகப் பளிச்சென்று பொறி தெறித்தால் சரி. மஞ்சளாக மினுங்கினாலோ, ஒன்றுமே இல்லையென்றாலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்சரை மாற்றுங்கள். சுண்டுவிரல் நுனி அளவுள்ள, விலை குறைந்த பொருள். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கட்டும். அதற்கும் சரியாகாவிட்டால் காயிலை மாற்றுங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் (ஏ.சி. பம்ப்) மீது ஈரத்துணி போடுங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் அதை இழுக்க முடியாது. துணி போட்டதும் கிளம்பினால் பம்பையும் பெட்ரோல் குழாயையும் கவனியுங்கள்.

பெட்ரோல் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு மட்டும் ஸ்பார்க் பார்க்காதீர்கள். தீப்பிடித்துவிடும்.