சிப்பி வியாபாரத்தில் மூக்கை நம்பலாமா?

பருப்போ, புளியோ, கருவாடோ, முகர்ந்து பார்த்தே சரக்கு எடுத்துப் பழகியவர்கள் நாம். பண்ணையில் வளர்க்கும் கடல் சிப்பியில் இந்தப் பழக்கம் செல்லாது.

அமெரிக்காவின் அலாஸ்காவில் 2004 கோடையில், பண்ணைச் சிப்பியைப் பச்சையாகத் தின்ற கப்பல் பயணிகள் உள்பட 62 பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காரணம், விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா. குளிர்க்கடல் என்று நம்பியிருந்த இடத்தில் பண்ணை நீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது.

சிப்பி நீரை வடிகட்டி இரை தேடும் பிராணி. நீரிலுள்ள கிருமி அதன் உடம்பில் சேர்ந்துவிடும். சாக்கடைக் கிருமியைச் சுத்த நீர்த்தொட்டியில் போட்டுப் பெருமளவு போக்கலாம். விப்ரியோ கடலிலேயே வாழ்வது. அப்படி லேசில் போகாது. இது இருந்தாலும் நாற்றமோ நிறமாற்றமோ தெரியாது. வெயிலில் கிடந்தால் மளமளவென்று பெருகும். ஐஸ் பெருக்கத்தைத்தான் தடுக்கும், கொல்லாது. எலுமிச்சைச் சாறும் மிளகாய்க் காரமும் கொல்லாது. (சாராயம் கொல்லும் என்பது குடிப்பவர் சொல்லும் சமாதானம்!) கொதிக்கும் நீரில் ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் வேகவேண்டும்.

இதன் பங்காளி விப்ரியோ வல்னிஃபிகஸ் இன்னும் கொடியது. கல்லீரல் நோய், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இரத்தத்தில் கலந்து உயிரையே பறித்துவிடும். எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டாலும் பச்சையாகத் தின்னக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் அறுவடை இடமும் தேதியும் எழுதிய சீட்டு ஒவ்வொரு மூட்டையோடும் வரும். மூட்டை காலியான பிறகும் கடைக்காரர் அதை 90 நாள் வைத்திருக்கவேண்டும். நாமும் கொள்முதல் பில்லோடு அப்படியொரு சீட்டைக் கேட்டு வாங்கலாம்.