சாமை விதைப்பு: எந்த முறை மேல்?

கொல்லிமலைச் சரிவுகளில் மானாவாரிச் சாமையைத் தூவி விதைப்பது பழைய வழக்கம். வரிசை விதைப்பு கூடுதல் மகசூல் தருமா என்று ஒரே வயலைப் பார்த்துச் சொல்ல இயலாது. சரிவில் மண் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். வித்தியாசம் மண்ணாலும் வரலாம்.

இதைச் சோதிக்க, மேலிருந்து கீழாக 6 இடங்களில், அருகருகே 1 சென்ட் அளவில் இரண்டிரண்டு பாத்திகள் அமைக்கவும். எந்தப் பாத்தியில் எந்த முறை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யவும். விதை ரகம், எரு, விதைப்பு நாள் ஆகியவை ஒன்றாக இருக்கவேண்டும். அறுவடையைப் பாத்திவாரியாக எடை போடவும்.

உதாரணமாக, தூவியதில் 2.8, 3.1, 2.5, 3.0, 2.2, 2.7 கிலோவும், வரிசையில் அதே இடங்களில் முறையே 3.2, 3.0, 3.1, 3.5, 2.4, 3.3 கிலோவும் கிடைத்ததாகக் கொள்வோம். கணினியில் எக்செல் தாளில் இவற்றை இரு பத்திகளாக எழுதவும். டி.டெஸ்ட் என்ற சூத்திரத்தில் முதல் பத்தி, இரண்டாம் பத்தி, 2, 1 என வரிசையாகக் கொடுக்கவும். 2 என்பது கூடுதல், குறைவு இரண்டையும் சோதிக்க. 1 என்பது ஜோடிப் பாத்திகளுக்கு.

விடை சுமார் 0.02. இரு முறைகளும் உண்மையில் சமமென்றால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர நூற்றுக்கு 2 வாய்ப்பே உண்டு. 0.05க்குக் கீழ் வந்தால் வித்தியாசத்தை நம்பலாம் என்பது வழக்கம். மேலே வந்தால் இரண்டும் சமம் என்று பொருளல்ல. அடுத்த பருவத்தில் பாத்திகளைக் கூட்டிச் சோதிக்கவும்.

இந்த உதாரணத்தில் ஏக்கருக்குச் சுமார் 37 கிலோ கூடுதல். வரிசை விதைப்புக்கான கூடுதல் ஆள்கூலி அதன் விலைக்குள் அடங்கினால் மட்டுமே முறையை மாற்றுவது லாபம்.