பிள்ளைகள் எடுத்த விளம்பரப் படமா? வெட்டி ஒட்டச் சில குறிப்புகள்

வகுப்புக்காக, பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று சொல்லும் மஞ்சப்பை விளம்பரம் எடுத்துவிட்டு, போன் நிறைய வீடியோ துண்டுகளோடு பிள்ளைகள் வந்து நிற்கிறார்களா? 30 நொடிதான் அனுமதி என்றால் இவை கைகொடுக்கும்.

1. குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, படங்களை அதன்மேல் அடுக்குங்கள். பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். படத்தை வெட்டி முடித்த பிறகு பார்த்தால் வசனம் அதற்குள் அடங்காது. பேசுகிற பிள்ளை மூச்சுவாங்க ஓடும். 30 நொடிக்கு ஐம்பது சொல் தாராளம். தமிழில் சொற்கள் நீளம், அவசரப்பட்டால் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.

2. துணி அடைத்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்து நின்று பேசச் சொல்லுங்கள். துணி எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். பிரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் அதையும். மறுபடி போட மறந்தால் பால் கெட்டுப்போகும்!

3. அலாரம் அடிப்பது, பல் துலக்குவது, பள்ளி வாசல்... பிள்ளைகள் படம் இப்படித்தான் தொடங்கும். தயங்காமல் வெட்டுங்கள். முதல் ஐந்து நொடிக்குள் பை கண்ணில் படவேண்டும்.

4. "நான் ஒரே ஒரு தடவைதான் வர்றேன்" என்ற பஞ்சாயத்து நிச்சயம் வரும். கடைசி இரண்டு நொடியில் எல்லோரும் நிற்கும் ஒரு காட்சியை வையுங்கள். சமாதானத்துக்காகக் கதையை நீட்டாதீர்கள்.

5. அசைவின் நடுவில் வெட்டினால் ஒட்டு தெரியாது. கை பையை நோக்கி நீளும்போது தூரத்துக் காட்சி, பிடிக்கும்போது நெருக்கக் காட்சி. காட்சி மாறும் இடத்தில் போட எடிட்டிங் செயலியில் கிடைக்கும் நட்சத்திரம், பக்கம் புரள்வது எதுவும் வேண்டாம்.

6. டியூப்லைட்டில் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டை ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் வேகம் அதோடு ஒத்துப்போகாதபோது இப்படி ஆகும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி எடுப்பதே சுலபம்.

7. திரையில் வாசகம் போடும்போது சில செயலிகளில் 'கொ', 'பை' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் உடைந்தால், வாசகத்தை வேறு செயலியில் படமாகச் செய்து மேலே ஒட்டலாம். நிதானமாக இரண்டு முறை படிக்கிற நேரம் அது திரையில் இருக்கட்டும்.

8. "பிளாஸ்டிக்குக்குத் தடை" என்று எழுதினால் முழுசாக எழுதுங்கள்: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத்தான் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாளி, குடத்துக்கு இல்லை. கேள்வி கேட்கும் ஆசிரியர் இதைத்தான் முதலில் பிடிப்பார்.

9. சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. வகுப்பில் மேசையில் தாளம் போடும் பையன் இருந்தால் இன்னும் நல்லது. பேச்சு வரும் இடங்களில் இசையின் ஒலியை ஐந்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

10. முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும்; 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள். பென்டிரைவிலும் ஒரு பிரதி போட்டு, முதல் நாளே வகுப்பு ஸ்மார்ட் போர்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படம் ஓடும், சத்தம் வராது. அந்த ஸ்பீக்கர் சுவிட்ச் எங்கே என்று அன்றைக்கே தேடிவைக்கலாம்.