கிளெம்சன் போறீங்களா? முதல்ல பஸ் ரூட்டைப் பாருங்க

அட்மிட் வந்தாச்சு, விசாவும் கிடைச்சாச்சு. ஊர் பேரு கிளெம்சன்னு சொன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் "அது நியூயார்க் பக்கமா?"ன்னு கேட்டிருப்பாங்க. பக்கமே இல்லை. சவுத் கரோலினா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கு. 2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 17,681. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவங்க 28,000க்கு மேல். ஊரை விட காலேஜ் பெரிசு! இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டா வாடகை, பஸ், சனிக்கிழமை கூட்டம், கோடையில் வெறிச்சோடிப்போன தெரு எல்லாத்துக்கும் காரணம் தானா விளங்கும்.

இங்கேயிருந்து கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க எடுக்கப்போற பெரிய முடிவு வீடுதான். நேர்ல பார்க்காம, நாலு போட்டோவையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பையும் நம்பிக் கையெழுத்து போடுவீங்க. போட்டோவில் நீச்சல் குளம் பளபளன்னு இருக்கும். அதை விடுங்க. அந்த வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எவ்வளவு நடை, ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுதா, இந்த மூணையும் கேளுங்க. இங்கே நிறைய ரோட்டில் நடைபாதையே கிடையாது. மேப்பில் பக்கமா தெரியுற மளிகைக்கடைக்கு நாலு வழிச்சாலை ஓரத்தில், கையில பையோட நடந்து போறது வேற அனுபவம்.

நல்ல விஷயம், பஸ்ஸுக்குக் காசு கிடையாது. கேட் பஸ்னு எல்லாரும் சொல்றது கிளெம்சன் ஏரியா டிரான்சிட் சேவையை. மாணவர் அட்டை கூட வேண்டாம், ஏறி உட்கார வேண்டியதுதான். பக்கத்து ஊர்களான சென்ட்ரல், பெண்டில்டன், செனகா, ஆண்டர்சன் வரைக்கும் போகும். அதனால ஊருக்குள்ள வாடகை கையைக் கடிச்சா, இந்த ஊர்களில் ரூட் மேலேயே இருக்கிற வீடாப் பாருங்க. ஆனா செமஸ்டர் லீவு விட்டா பஸ்ஸோட எண்ணிக்கை குறைஞ்சிடும். லேப் வேலைன்னு டிசம்பரிலும் கோடையிலும் தங்கப்போறவங்க லீவு கால அட்டவணையைத் தனியா எடுத்துப் பார்த்துக்கணும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கவனமா படிங்க. சில இடத்தில் உங்க அறைக்கு மட்டும் நீங்க பொறுப்பு. சில இடத்தில் வீடு முழுக்க எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. இரண்டாவது வகையில் ஒரு ரூம்மேட் பாதியில் கழண்டுகிட்டா அவரோட பங்கும் மத்தவங்க தலையில்தான். பெரும்பாலும் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 12 மாச ஒப்பந்தம். கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு வேற ஊர் போனாலும் வாடகை ஓடிட்டே இருக்கும். உள்வாடகைக்கு விடலாமேன்னு தோணும். ஊர்ல பாதிப்பேர் ஒரே நேரத்தில் கிளம்புறதால எல்லாரும் அதே மாசத்தில் ஆள் தேடுவாங்க. ஜனவரியிலேயே விசாரிக்க ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் ஆள் கிடைக்கும்.

வந்து இறங்குறது எப்படி? பக்கத்து விமான நிலையம் கிரீன்வில்-ஸ்பார்ட்டன்பர்க், காரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். டிக்கெட் மலிவுன்னு அட்லாண்டாவில் இறங்கினா இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோடு. இந்திய மாணவர்கள் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டா அழைச்சிட்டுப் போக பெரும்பாலும் யாராவது வருவாங்க. ரயிலும் உண்டு. நியூயார்க்குக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே ஓடுற கிரசென்ட் ரயில் இங்கே நிற்கும். ஒரு திசைக்கு நாளைக்கு ஒண்ணு, அதுவும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்.

அடுத்தது, சனிக்கிழமை. இலையுதிர் காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் உள்ளூரில் நடந்தா 80,000க்கு மேல ஆட்கள் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வருவாங்க. 17,000 பேர் ஊருக்கு! ரோடு ஒருவழியாகும், வழக்கமா வண்டி நிறுத்துற இடத்தைக் காலி பண்ணச் சொல்வாங்க, லாட்ஜ் வாடகை எகிறும். அன்னைக்கு மளிகை வாங்கலாம்னு நினைக்காதீங்க, வெள்ளிக்கிழமையே முடிச்சிடுங்க. ஆனா ஒரு மேட்சாவது போய்ப் பாருங்க. விதிமுறை புரியலைன்னா பரவாயில்லை, திருவிழா புரியும். மேட்சுக்கு முன்னாடி வீரர்கள் ஹோவர்ட்ஸ் ராக் என்கிற கல்லைத் தொட்டுட்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடி வருவாங்க. கடையில் மீதிச் சில்லறையா ஆரஞ்சுப் புலிப்பாதம் குத்தின 2 டாலர் நோட்டு வந்தாலும் பயப்படாதீங்க, செல்லும். ஜார்ஜியா டெக் இனிமே கிளெம்சனோட ஆடமாட்டோம்னு சொன்னப்போ, 1977இல் ரசிகர்கள் அட்லாண்டாவில் 2 டாலர் நோட்டாவே செலவு பண்ணி, தங்களால அந்த ஊருக்கு எவ்வளவு வருமானம்னு காட்டினாங்க. அந்தப் பழக்கம் இன்னும் ஓடுது.

ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு குன்று இருக்கு, உட்லாண்ட் கல்லறை. 2020இல் தரைக்குள் ஊடுருவும் ரேடாரை வச்சு அங்கே ஆராய்ந்தப்போ, பெயர்ப்பலகை இல்லாத 600க்கு மேற்பட்ட குழிகள் தெரியவந்தன. இந்த நிலம் முன்பு ஜான் கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் பண்ணை. அடிமை முறையை வெளிப்படையா ஆதரிச்சவர், அமெரிக்கத் துணை ஜனாதிபதியா இருந்தவர். அவருடைய மருமகன் தாமஸ் கிரீன் கிளெம்சன் உயில் எழுதி வச்ச சொத்தில்தான் காலேஜ் வந்தது. முதல் கட்டடங்களைக் கட்டினவங்க சிறைக்கைதிகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். பண்ணையில் அடிமைகளா உழைச்சவங்களும் அந்தக் கைதிகளும்தான் அந்தக் குழிகளில் இருக்கிறதா ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1963 ஜனவரி 28 அன்னைக்குத்தான் ஹார்வி கான்ட் என்ற முதல் கறுப்பின மாணவர், வழக்கு போட்டு ஜெயிச்சு, கட்டடக்கலை படிக்க உள்ளே வந்தார். பின்னாளில் அவர் சார்லட் நகர மேயர். கால்ஹூனின் வீடு இன்னும் கேம்பஸ் நடுவிலேயே இருக்கு. முதல் மாசத்திலேயே இரண்டு இடத்துக்கும் போயிட்டு வாங்க. தினமும் நடக்கப்போற நிலம் யாருடையதுன்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

மனுஷங்க பழக இனிமையானவங்க. தெரியாதவங்களும் கையசைப்பாங்க, வயசுல பெரியவங்களை "மேம்", "சார்"னு கூப்பிடுறது நம்ம ஊர் மாதிரியே. சர்ச்சுகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசச் சாப்பாடு, பழைய கட்டில் மேசையெல்லாம் கொடுப்பாங்க. விருப்பமிருந்தா போங்க. இல்லைன்னா "தேங்க்ஸ்"னு சிரிச்சுட்டு மறுத்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

சாப்பாட்டில் ஆச்சரியம் உண்டு. ரோட்டோரம் உப்பு போட்டு வேகவச்ச கடலை! சவுத் கரோலினாவின் அதிகாரப்பூர்வ நொறுக்குத் தீனியே அதுதான். கிரிட்ஸ்னு ஒண்ணு, மக்காச்சோள ரவையில் செஞ்ச கஞ்சி மாதிரி இருக்கும். ஊறுகாய் இருந்தா தாராளமா உள்ள போகும். சைவக்காரங்க ஒண்ணு கவனிக்கணும்: பீன்ஸ், கீரை எல்லாம் பன்றிக்கறி சேர்த்து வேகவைக்கிறது இந்தப் பக்கத்து வழக்கம். காய்தானேன்னு தட்டில் போட்டுக்காம கேட்டுட்டு வாங்குங்க.

ஆகஸ்ட் வெயில் சென்னைப் புழுக்கம்தான். பனிக்காலம் குறைவு, ஆனா ரோட்டில் லேசா ஐஸ் படிஞ்சாலே ஊர் மூடிடும். போனில் சூறாவளி எச்சரிக்கை அலறினா வீடியோ எடுக்க பால்கனிக்கு ஓடாதீங்க. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத இடத்துக்குப் போங்க. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தப்போ இந்தப் பகுதியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு டார்ச்சும் பவர் பேங்க்கும் எப்பவும் கைவசம் இருக்கட்டும்.

பட்டமளிப்புக்கு அப்பா அம்மாவை அழைக்கப்போறீங்களா? தேதி தெரிஞ்ச அன்னைக்கே ரூம் போட்டுடுங்க, கடைசி நேரத்தில் கிரீன்வில்லில்தான் கிடைக்கும். 295 ஏக்கர் தாவரவியல் பூங்கா இருக்கு, நுழைவுக் கட்டணம் இல்லை. '55 எக்ஸ்சேஞ்சில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்க. சாயங்காலம் ஹார்ட்வெல் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. 1960களின் தொடக்கத்தில் சவானா ஆற்றில் அணை கட்டி ஏரி நிரம்பினப்போ, ஸ்டேடியமே மூழ்கும் நிலை. அதைத் தடுக்க செனகா ஆற்றையே திருப்பிவிட்டுக் கரை எழுப்பினாங்க. அந்தக் கரை மேல அப்பாவோட நடக்கும்போது ஒரு பக்கம் தண்ணி எவ்வளவு உயரத்தில் நிக்குது, மறுபக்கம் நிலம் எவ்வளவு தாழ்வுன்னு காட்டுங்க, நீங்க என்ன படிச்சீங்கன்னு அவருக்கு விளக்க அதை விட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.