இது யாருடைய முறை?

விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே செல்லலாம் என்றதும், பெரும்பாலோர் மனத்தில் முதலில் தோன்றுவது பக்கத்திலுள்ள பேரங்காடிதான். வெயில் இல்லை, மழைக்குப் பயமில்லை, பசித்தால் உணவுக்கடையும் உண்டு. ஆனால், வீடு திரும்பிய பிறகு, "இன்று நாம் ஒருவரோடு ஒருவர் என்ன பேசினோம்?" என்று கேட்டுப் பார்த்தால் பல குடும்பங்களுக்குப் பதில் கிடைப்பதில்லை.

ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்திலும் இதுவே நிலை. தந்தை பேருந்து ஓட்டுநர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அவருக்கு ஓய்வு கிடைக்கும். தாய், உயர்நிலை இரண்டில் பயிலும் மகள், தொடக்கநிலை இரண்டில் பயிலும் மகன், பாட்டி என வீட்டில் ஐந்து பேர். கிடைக்கும் அந்த ஒரு நாளும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு கழிவதைப் பார்த்த தாய், ஒரு திட்டத்தைச் சொன்னார். மாதந்தோறும் ஒருவர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டே இரண்டு: பொதுப் போக்குவரத்தில் செல்லக்கூடிய இடமாக இருக்க வேண்டும், நுழைவுக்கட்டணம் இருக்கக்கூடாது.

முதல் மாதம்: காற்றும் நீரும்

முதல் முறை மகனுடையது. பட்டம் விட வேண்டும் என்று அவன் அடம்பிடித்ததால், குடும்பம் மரினா அணைக்கட்டுக்குப் புறப்பட்டது. ஈசூனிலிருந்து பெருவிரைவு ரயிலில் ஏறினால், வழித்தடத்தின் கடைசி நிலையமான மரினா சௌத் பியரில் இறங்கி, அங்கிருந்து நடந்தே சென்றுவிடலாம்.

2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த அணைக்கட்டு, 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே கட்டப்பட்டுள்ளது. இதன் ஒன்பது மதகுகள் கடல்நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கின்றன. அதனால்தான் நகரின் நடுவே ஒரு நன்னீர்த் தேக்கம் உருவானது. கனமழை பெய்யும்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால், மதகுகளைத் திறந்து மழைநீரைக் கடலுக்குள் விடுவார்கள். கடல்மட்டம் உயர்ந்திருந்தால், ஏழு பெரிய நீரேற்று இயந்திரங்கள் அந்நீரை வெளியேற்றும். தாழ்வான பகுதிகளில் வெள்ளம் தேங்காமல் இருக்க இவ்வாறு உதவும் கட்டடத்தின் கூரையில்தான் பரந்த புல்வெளி இருக்கிறது.

மகன் பட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடினான். அது தரையிலேயே உருண்டது. தந்தை சிரித்தபடி எழுந்து வந்தார். "ஓடாதே. காற்றுக்கு முதுகைக் காட்டி நில். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு," என்றார். சிறிது நேரத்தில் பட்டம் வானில் ஏறியது. அப்பாவுக்குப் பட்டம் விடத் தெரியும் என்பது அன்றுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பாட்டி பாயில் அமர்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாதம்: மக்கள் காத்த கரை

மகள் புலாவ் உபின் தீவைத் தேர்ந்தெடுத்தாள். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பயணிகள் சேர்ந்ததும் படகு புறப்படும். ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் தீவை அடைந்துவிடலாம்.

தீவின் கிழக்கு முனையில் இருப்பது செக் ஜாவா. கடலோரக் காடு, சதுப்புநிலக் காடு, மணல்திட்டு, கடற்புல்வெளி, பாறைக்கரை, பவளத் துண்டுகள் நிறைந்த பகுதி ஆகியவை ஒரே இடத்தில் சந்திப்பது இதன் சிறப்பு. நீர் வற்றும் நேரத்தில்தான் இங்குள்ள உயிரினங்களை நன்றாகப் பார்க்க முடியும். ஆகவே, புறப்படும் முன்பே நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து மகள் நேரத்தைக் குறித்திருந்தாள். நடைபாதையின் கீழே, சேற்றில் நண்டுகள் ஒற்றைப் பெரிய கொடுக்கை உயர்த்தி அசைத்தன. "நம்மைக் கூப்பிடுகிறது!" என்று தம்பி குதித்தான்.

இந்தக் கரை இன்று இருப்பதே ஒரு பெரிய செய்தி. நிலமீட்புப் பணிக்காக ஒதுக்கப்பட்டிருந்த இவ்விடத்தைக் காண, 2001ஆம் ஆண்டில் ஏராளமானோர் நேரில் வந்தனர். இயற்கை ஆர்வலர்கள் இங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தனர். பொதுமக்கள் பலர் அரசாங்கத்திடம் வேண்டுகோள் விடுத்தனர். அதன்பின் நிலமீட்புப் பணி ஒத்திவைக்கப்பட்டது. ஓர் இடத்தைக் காக்க வேண்டுமானால், முதலில் அதை அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

அன்றிரவு மகள், இரண்டு பயணங்களிலும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தாள். நண்டு இருந்தது, பட்டம் இருந்தது, தம்பி பல படங்களில் இருந்தான். பாட்டி ஒரு படத்தில்கூட இல்லை. முழங்கால் வலியால் அவர் செக் ஜாவாவுக்கு வரவில்லை. படகுத்துறை அருகிலிருந்த கடையில் தாயோடு காத்திருந்தார். இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது பாட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று தான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது மகளுக்கு உறைத்தது.

மூன்றாம் மாதம்: பாட்டியின் முறை

"அடுத்தது உங்கள் முறை, பாட்டி," என்றாள் மகள்.

"எனக்கென்னம்மா, நீங்கள் போகும் இடத்துக்கு நானும் வருகிறேன்," என்றார் பாட்டி. மகள் விடவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "பூமலைக்குப் போகலாமா?" என்று பாட்டி கேட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவைத் தமிழர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். 1859ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இப்பூங்கா, 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம் உண்டு.

இம்முறை மகள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கினாள். புல்வெளியில் கிளையை நீட்டி நின்ற பழைய தெம்புசு மரத்தின் முன், தந்தை தம் பணப்பையிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டை எடுத்தார். நோட்டின் பின்புறத்தில் அதே மரம்! மகன் நோட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

தூறல் தொடங்கியதால் அனைவரும் பூங்காவின் மரபுடைமைக் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தனர். 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்தன. 1888ஆம் ஆண்டில் பூங்காவின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னர் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர்.

ரப்பர் மரத்தின் படத்தைக் கண்டதும் பாட்டி நாற்காலியை நிறுத்தச் சொன்னார். காற்றில் விரலால் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "இப்படித்தான் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போய்விடுவோம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு கட்டியிருக்கும். பால் அதில் சொட்டும்," என்றார்.

"மழை பெய்தால் விடுமுறையா, பாட்டி?" என்று கேட்டான் பேரன்.

"மழை பெய்தால் சீவ முடியாது. சீவாவிட்டால் அன்று கூலியும் கிடையாது. அதனால், மழை வந்தால் நாங்கள் மகிழ்ந்ததில்லை."

வெளியே மழை வலுத்தது. யாரும் கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டியிடம் கேட்க இத்தனை கேள்விகள் இருந்தன என்பதை அவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை. மழை விட்டதும் மகள் ஒரு படம் எடுத்தாள். அதில் நடுவில் இருந்தவர் பாட்டி.

வெளியே செல்லும் முன் தண்ணீர்ப் புட்டி, குடை, தொப்பி ஆகியவற்றை நாம் மறப்பதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் நினைத்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். யாரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், யாருக்கு எது பிடிக்கும், யாரை இதுவரை கேட்கவில்லை ஆகிய மூன்றும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை. வீட்டில் கேட்டால்தான் தெரியும்.

அடுத்த மாதம் தாயின் முறை. அவர் இன்னும் இடத்தைச் சொல்லவில்லை.

சிந்தித்துப் பேசுக

1. பாட்டி இல்லாத படங்கள் மகளுக்கு எதை உணர்த்தின?
2. "ஓர் இடத்தைக் காக்க வேண்டுமானால், முதலில் அதை அறிந்திருக்க வேண்டும்." செக் ஜாவாவின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை விளக்குக.
3. மழையைப் பற்றிப் பேரனின் எண்ணமும் பாட்டியின் அனுபவமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அவர் செல்ல விரும்பும் இடத்தையும் அதற்கான காரணத்தையும் கேட்டறிந்து வகுப்பில் பகிர்ந்துகொள்க.