கோலா உருண்டையும் கோதுமை நீக்கிய உணவும்

அன்பு மகளுக்கு,

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைப்புரதமே குளூட்டன் எனப்படுகிறது. சீலியாக் நோய் உள்ளவர் அதை உண்ணும்போது உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்க, சத்தை உள்வாங்கும் நுண்விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து, இரும்பு, கால்சியம், ஃபோலேட் முதலியவை உடலில் சேராமல் போகின்றன. ஆகவே இந்நோய் உறுதியான குழந்தைக்குக் கோதுமையை விலக்குவது பாதி வேலைதான். இழந்த சத்தை மீட்டுத் தருவது மறுபாதி. குளூட்டன் இல்லாதவை என்று கடைகளில் விற்கும் பண்டங்கள் பலவும் தீட்டிய அரிசி மாவாலும் கிழங்கு மாவாலும் ஆனவை என்பதால், அந்த மறுபாதிக்கு அவற்றை நம்பியிருக்க இயலாது.

செட்டிநாட்டுக் கோலா உருண்டை இங்கேதான் கைகொடுக்கிறது. மேலைநாட்டு இறைச்சி உருண்டைகளில் ரொட்டித்தூள் செய்யும் வேலையை, அதாவது கறியின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உருண்டை உதிராமல் பிடிக்கும் வேலையை, இதில் பொட்டுக்கடலை மாவு செய்கிறது. அதுவும் வெறும் மாவாக நில்லாமல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதத்தையும் நார்ச்சத்தையும் கொண்டுவருகிறது. கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியிலும் புரதம் ஏறத்தாழ அதே அளவு இருப்பதால், கால் கிலோ கொத்துக்கறிக்கு 50 கிராம் பொட்டுக்கடலை சேர்த்து 20 உருண்டைகள் பிடித்தால், ஒவ்வொன்றிலும் சுமார் 3 கிராம் புரதம் அமையும். இரும்பின் கணக்கு இதனினும் முக்கியமானது: இறைச்சியிலுள்ள இரும்பின் ஒரு பகுதி ஹீம் வடிவில், அதாவது இரத்தத்தின் சிவப்பு நிறமியில் உள்ள அதே அமைப்பில் இருப்பதால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பைவிட எளிதாக உடலில் சேர்வதோடு, உடன் உண்ணும் கடலையின் இரும்பு சேர்வதற்கும் இறைச்சி துணைபுரிகிறது. உண்ணும்போது எலுமிச்சை பிழிந்தால் அதன் வைட்டமின் சி இவ்வுதவியை மிகுவிக்கும். வளரும் பிள்ளைக்கு வேண்டிய துத்தநாகமும் பி12 வைட்டமினும் கறியிலேயே உள்ளன.

எனினும், சிறுதுளிக் குளூட்டனும் இந்நோயில் தீங்கு செய்வதால், உணவுத் தரவிதிகள் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்துள்ளன; அதை மீறச் சமையலறையில் நேரும் சிறு கவனக்குறைவே போதும். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை அரைத்த மில்லில் அரைத்த மாவிலும் கோதுமைத் துகள் ஒட்டியிருக்கும். எனவே பொட்டுக்கடலையை வீட்டு மிக்ஸியிலேயே பொடித்து, சோம்பு, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயத்தோடு கறியை நீர் விடாமல் அரைத்து, சமோசாவோ பூரியோ பொரித்த எண்ணெயைத் தொடாமல் புது எண்ணெயில் வேகவைப்பது நல்லது. குழிப்பணியாரச் சட்டியில் சில துளி எண்ணெய்விட்டுத் திருப்பித் திருப்பி வேகவைத்தால் கொழுப்பும் குறையும். கொத்தும்போது மேற்பரப்புக் கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால், உருண்டையின் நடுவில் சிவப்பு மறையும்வரை வேகவைப்பது கட்டாயம்.

கோதுமை ஒத்துக்கொள்ளும் உடலுக்கு அதை நிறுத்துவதால் தனி நன்மை இல்லை. ஆயினும் இந்நோய் குடும்பவழி வரக்கூடியது என்பதால் நோயுள்ள குழந்தையின் உடன்பிறந்த சிறுமிக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம். கோதுமையை முன்கூட்டியே நிறுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்து நோய் தெரியாமல் போகக்கூடுமாதலால், பரிசோதனை முடியும்வரை அவளுடைய சப்பாத்தியை நிறுத்தலாகாது.

ஆசிகளுடன்,
பெரியம்மா