‘விரைவில்’ என்ற பதிலுக்கு எவ்வளவு காலம் காத்திருப்பது?

கேள்வி: விளம்பரத்தைத் தொடுபவர்கள் வந்து சேரும் லேண்டிங் பேஜைத் தயாரிக்க ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறேன். ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைக் கேட்டு இரண்டு வருடமாகிறது. ‘விரைவில்’ என்பதே பதில். காத்திருப்பதா, மாறிவிடுவதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. தாமதத்துக்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவசரத்தில் எழுதிய பழைய நிரல், பின்னாளில் ஒவ்வொரு மாற்றத்தையும் கடினமாக்கும். மென்பொருள் நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் 1992-இல் இதைக் கடனோடு ஒப்பிட்டார். வட்டி ஏறிக்கொண்டே போகும். தாமதமான மென்பொருள் வேலைக்குப் புதிதாக ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று 1975-லேயே மென்பொருள் பொறியாளர் பிரெட் புரூக்ஸ் எழுதினார்.

ஆனால் அந்தச் சுமையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. நெட்ஸ்கேப்பின் பயனர்களும் சுமக்கவில்லை. அந்த நிறுவனம் 1997-இல் தன் பிரவுசரின் 4-ஆம் பதிப்பை வெளியிட்டது. பிறகு அதைப் புதிதாக எழுதத் தொடங்கியது. அடுத்த பெரிய பதிப்பு 2000-இல்தான் வந்தது. அதற்குள் பயனர்கள் பெருமளவில் போட்டி பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குப் போய்விட்டார்கள்.

நிறுவனத்தின் வாக்குறுதியை விட்டுவிட்டு, கடந்த ஓராண்டில் உண்மையில் என்னென்ன வெளியிட்டது என்று பாருங்கள். சிறு திருத்தங்கள் மட்டுமே என்றால் புறப்படத் தயாராகுங்கள். அடுத்த முறை மாதச் சந்தா போதும். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியலையும் பக்கத்தின் வாசகம், படங்களையும் உங்களிடம் பத்திரப்படுத்துங்கள். மாறும்வரை இரண்டு தனிப் பக்கங்கள் அமைத்து, விளம்பரம் வழியே வருபவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பி ஒப்பிடலாம்.

இன்று இருக்கும் வசதிக்கு மட்டும் பணம் கொடுங்கள்; நாளை வரப்போவதற்கு வேண்டாம்.